உதுமான் கேட்ட மூன்று அங்குலம்

ரங்கூன் மொகல் தெருவில் மீரா முகைதீன் மரைக்காயரின் கல் கடையில் வேலை பார்த்த உதுமானைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ரொம்பப் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள். அவன் மனைவி அஸ்மாவிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. கடையில் "சரி முதலாளி" என்று தலையாட்டிவிட்டு வருகிறவன், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த தன் மரவீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான். முதலாளி முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதெல்லாம் அஸ்மா முகத்துக்கு நேரே வரும். அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். கத்தி முடித்ததும் சோறு கேட்பான். அதுதான் அவனுடைய பொறுமை.

கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்த புதிதில் அவன் மரைக்காயர் வீட்டில் அரிசி களைந்தான். பிறகு கடை கூட்டினான். பிறகு மோகோக் மலையிலிருந்து வரும் கெம்புக் கற்களைத் தரம் பிரித்து, மெல்லிய தாளில் மடித்துப் பொட்டலம் போடக் கற்றுக்கொண்டான். ஐராவதி ஓரத்து ஊர்களில் நெல் விளைந்து செழித்த வீட்டுப் பர்மியப் பெண்கள் கல் வாங்க ரங்கூனுக்கு வரமாட்டார்கள். கல்தான் அவர்கள் வீட்டைத் தேடிப் போக வேண்டும். அந்த வேலையை அதுவரை செய்துவந்தவன் ஜாபர். 1923-ஆம் வருஷம் மழை ஓய்ந்த நேரத்தில், ஆற்று வழியே மௌபின் ஊருக்குப் போகிற லாஞ்சுப் படகில், பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருவனே ஜாபரின் தோளில் கத்தியை இறக்கி, கல் வைத்திருந்த இடுப்பு வாரை அறுத்துக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டான். ஜாபர் பிழைத்தான். ஆனால் வலது கை அதன் பிறகு தோளுக்கு மேலே எழும்பவில்லை. தலையில் தொப்பி வைக்கக்கூட இடது கைதான்.

"இனிமே நீ போ உதுமான்" என்றார் முதலாளி.

"சரி முதலாளி" என்றான் உதுமான். அன்றைக்கு அஸ்மா தலை வாரவில்லை, அழுதாள்.

முதலாளி கல் நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. ஜாபருக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்துதான் போனார். போலீஸ் ஆபீசுக்கு நடையாய் நடந்து ஒரு ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கினார். லைசென்ஸ் அவர் பேரில். அவருடைய ஆளாக எடுத்துப் போகலாம் என்று உதுமான் பேரும் அதில் இருந்தது. ஒரு லைசென்சுக்கு ஒரு ரிவால்வர், அவ்வளவுதான்.

துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கடையில் விற்பனைக்கு நின்றவன் பொன்னுத்துரை என்ற தமிழன். நன்றாக எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை, யார் எதைச் சொன்னாலும் ஆமோதிக்கிற வாய். மேசைமேல் பச்சைத் துணி விரித்து இரண்டு ரிவால்வர்களை வைத்தான். இரண்டும் ஒரே ரகம், ஒரே தோட்டா. ஒன்றுக்குக் குழல் ஆறு அங்குலம், இன்னொன்றுக்கு மூன்று.

உதுமானுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, தனக்கு வேண்டியது சின்னதுதான் என்று. கையிலெடுத்து இடுப்பு வாரில் செருகிப் பார்க்கலாம் என்று ஓரடி முன்னால் வந்தான். முதலாளி தன் குடையை அவன் கையில் கொடுத்துவிட்டு, பெரியதை எடுத்து எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைக் குறி பார்த்தார்.

"இது எப்படி?"

"அருமையான சாமான் மொதலாளி. குழல் நீளம்னா குறி தப்பாது. அம்பது கஜத்துல இருக்கவனையும் அடிக்கலாம்."

"முதலாளி," என்றான் உதுமான், "லாஞ்சுல அம்பது கஜம் ஏது? வர்றவன் முழங்கை இடிக்கிற தூரத்துலதானே உக்காந்திருப்பான்."

"அதுவும் சரிதான். சின்னக் குழல்னா சட்டுனு உருவலாம்" என்றான் பொன்னுத்துரை.

"ஆனா சின்னது பொம்மை மாதிரில்ல இருக்கு" என்றார் முதலாளி.

"பொம்மை மாதிரிதான் இருக்கும் மொதலாளி. வெடிச்சா நெருப்பும் கொஞ்சம் வெளிய கக்கும்" என்றான் பொன்னுத்துரை, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கடைசியில் முதலாளி விலை கேட்டார். இரண்டுக்கும் ஒரே விலை. அத்தோடு விவகாரம் முடிந்துபோயிற்று. வாழ்நாள் முழுக்க எடை பார்த்தே பொருள் வாங்கிய மனிதர் அவர். ஒரே விலைக்குக் கூட இரும்பு கிடைக்கும்போது குறைந்த இரும்பை எவன் வாங்குவான்? ஆறு அங்குலத்தைக் கட்டச் சொன்னார். உதுமான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

கல் வியாபாரிகள் இடுப்பில் கட்டுகிற வார் நாலு விரற்கடை அகலம் இருக்கும், கைலிக்கு மேலே இறுக்கிக் கட்டுவது. அதில் கல் பொட்டலங்களுக்குப் பைகள் உண்டு. ரிவால்வரை அதில் செருகினால் குழல் கைலிக்குள் தொடையோரமாக இறங்கும். நின்றால் ஒன்றும் தெரியாது. நடந்தாலும் சமாளிக்கலாம். உட்கார்ந்தால்தான் பாடு. சம்மணம் போட்டால் குழலின் நுனி கவட்டில் போய் இடிக்கும். பக்கவாட்டில் தள்ளினால் கைலியைக் கூடாரம் மாதிரி தூக்கி நிறுத்தும். முதுகுப்பக்கம் செருகினால் பின்னால் இருக்கிறவன் உருவிக்கொள்வான். உதுமானுடைய பிழைப்போ முழுக்க உட்காரும் பிழைப்பு. லாஞ்சின் தளத்தில் உட்கார வேண்டும். பர்மியர் வீடுகளில் பாயில் உட்கார்ந்துதான் கல்லைக் காட்ட வேண்டும். பள்ளிவாசலில் தொழ வேண்டும். சுஜூதில் நெற்றி தரையைத் தொடுவதற்கு முன்னால் துப்பாக்கி வயிற்றைத் தொட்டது.

மௌபினில் டோ மியா என்று ஒரு கைம்பெண். நிறைய நிலம், நல்ல கண். உதுமான் பொட்டலத்தைப் பிரிக்கு முன்பே எந்தக் கல் மட்டம் என்று சொல்லிவிடுவாள். அவள் வீட்டில் முதல் தடவை போய் உட்கார்ந்தபோது கைலிக்குள்ளிருந்து குழல் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது. அவள் பார்த்தாள். பக்கத்திலிருந்த பேரக் குழந்தைகளை உள்ளே போகச் சொன்னாள்.

"உதுமான், என் வீட்டுக்குக் கல்லுதானே கொண்டு வந்தாய்?" என்று பர்மிய மொழியில் கேட்டாள்.

அவன் காதெல்லாம் சிவந்துபோயிற்று. அன்றைக்கு அவள் ஒரு கல்லும் எடுக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து அவன் ரிவால்வரைத் துணிப்பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

அந்தப் பை எவ்வளவு காப்பாற்றும் என்பது தை மாதத்தில் தெரிந்தது. லாஞ்சில் இடத்துக்காக இரண்டு பேருக்குச் சண்டை. ஒருவன் நீளக் கத்தியை உருவிவிட்டான். உதுமானுக்கு ஒரு கை தூரம். சண்டை தனக்கில்லை என்று தெரிந்தும் அவன் கை பைக்குள் போனது. பிடி கிடைத்தது, ஆனால் இழுத்தால் வரவில்லை. குழல் நுனியில் குறி பார்க்க நிற்கிற சின்ன இரும்புத் துண்டு பையின் உள்தையலில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், உதறினான், பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். கடைசியில் பை, துப்பாக்கி, வெற்றிலைச் செல்லம், துண்டு எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டையாகக் கையோடு மேலே வந்தது. அதற்குள் கத்திக்காரனைச் சமாதானம் செய்து உட்காரவைத்துவிட்டார்கள். பை மாட்டிய கையோடு நின்ற உதுமானைப் பார்த்து லாஞ்சே சிரித்தது. கத்திக்காரனும் சிரித்தான்.

உதுமானுக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தி தனக்காக வந்திருந்தால் இத்தனை நேரத்தில் நாலு குத்து விழுந்திருக்கும் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் காவல் என்று நினைத்துச் சுமந்தது வெறும் இரும்பு. ஜாபரிடம் துப்பாக்கி இல்லை, இவனிடம் இருக்கிறது, இருவருக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

கரையேறியதும் நேரே கடைக்குப் போனான். நடந்ததைச் சொன்னான்.

"முதலாளி, இதை மாத்தி அந்தச் சின்னக் குழலு வாங்கித் தாங்க. மூணு அங்குலம் போதும். வாருலயே இருக்கும், வெளிய தெரியாது, இழுத்தா வந்துரும்."

முதலாளி ஒரு கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இன்னும் பழகலை உதுமான். அதான் மாட்டுது."

"பழகுனாலும் குழலு சின்னதாகாதே முதலாளி."

"பெரிசைக் கண்டாத்தான்ப்பா திருடனுக்குப் பயம் வரும்."

"எடுத்தாத்தானே அவன் காண்பான்?"

"எடுக்கப் பழகு" என்றார்.

இதுதான் பேச்சு. இதையே ரம்ஜான் வரைக்கும் பேசினார்கள், ரம்ஜான் முடிந்தும் பேசினார்கள். ஒருநாள் குழலை அறுத்துவிடலாமா என்று கேட்டான். நல்ல சாமானை அறுப்பதா என்று முதலாளிக்குக் கோபம் வந்தது. ஒருநாள் ஜாபரையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். ஜாபர் இடது கையால் தாடியைச் சொறிந்துகொண்டு, "எனக்கு எது இருந்தாலும் எடுக்க நேரமில்லை முதலாளி" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான். முதலாளி, "கேட்டியா?" என்றார். உதுமானுக்கு இரண்டு பேரையும் சேர்த்துக் கடலில் தள்ளலாம் போலிருந்தது. "சரி முதலாளி" என்றான்.

வீட்டில் அன்று பெரிய ரகளை.

"நான் ஆறு அங்குலத்துக்குப் பொறந்த ஆளா? என் இடுப்புக்கு எது வேணும்னு என்னைக் கேக்க மாட்டாக, கடிகாரத்தைக் குறி பாத்துட்டு வாங்குவாக! நான் செத்தா கூட, நல்ல நீளத் துப்பாக்கியோட செத்தான்னு பெருமை பேசுவாக!"

"செத்தான் கித்தான்னு சொல்லாதிய மச்சான்" என்றாள் அஸ்மா. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளால் தலை வாரிக்கொண்டே கேட்க முடியவில்லை.

அப்புறம் முதலாளியின் தங்கை மகனுக்குக் கல்யாணம் வந்தது. க்யிம்யிண்டைங்கில் பந்தல். உதுமான் அன்றைக்குத்தான் வெளியூரிலிருந்து லாஞ்சில் வந்து இறங்கி, நேரே பந்தலுக்கு வந்தான். இடுப்பில் கல், பையில் துப்பாக்கி. பையைக் கல்யாணக் கூட்டத்தில் எங்கே வைப்பது? லைசென்ஸ்காரருடைய ஆள் கையை விட்டு அது போகக் கூடாது. வேறு வழியில்லாமல் துப்பாக்கியை எடுத்து வாரில் செருகி மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கல் தன் கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று நினைத்த முதலாளி, சாப்பாட்டுக்கு அவனைத் தன் சஹனிலேயே உட்காரச் சொன்னார். பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோறு குவித்து, சுற்றி நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதுதான் சஹன். மற்ற இருவரில் ஒருவர் ஜமாஅத் பெரியவர் ரஹ்மத்துல்லா ஹாஜியார்.

சஹனில் உட்கார இடம் எவ்வளவு தெரியுமா? முழங்காலோடு முழங்கால் இடிக்கும். எல்லோரும் காலை மடக்கிக்கொண்டார்கள். உதுமான் இடது காலை மடக்கினான். வலது காலை மடக்கினால் குழல் நுனி கவட்டில் ஏறிற்று. இறக்கினான். மறுபடி மடக்கிப் பார்த்தான். வியர்த்தது. வேறு வழி தெரியாமல் வலது காலைத் தட்டுக்குப் பக்கவாட்டில் நேராக நீட்டிவிட்டான். அந்தக் கால் ஹாஜியாரின் தொடையைத் தொட்டுக்கொண்டு சோற்றுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ஹாஜியார் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"மரைக்காரே, உங்க ஆளுக்குக் காலு மடங்காதோ?"

"உதுமான், காலை மடக்கு" என்றார் முதலாளி மெதுவாக.

"மடங்கலை முதலாளி."

"மடக்குன்னா மடக்கு."

அவன் மடக்கினான். சட்டை தூக்கிக்கொண்டது, ரிவால்வரின் பிடி வெளியே வந்து நெய்ச்சோற்றை எட்டிப் பார்த்தது. அடுத்த சஹன்காரர்கள் திரும்பினார்கள். கல்யாண வீட்டில் துப்பாக்கியா என்று யாரோ கேட்டார்கள். ஹாஜியார் எழுந்து வேறு சஹனுக்குப் போய்விட்டார். முதலாளி தலை நிமிராமல் சாப்பிட்டார், சாப்பிட்டது உள்ளே இறங்கியிருக்காது.

மறுநாள் கடை திறந்ததும், "அந்தச் சனியனைக் கொண்டா, மாத்திடுவோம்" என்றார்.

உதுமானுக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒருவன் தோளில் கத்தி இறங்கியது காரணமாகவில்லை. இவன் உயிர் பைத் தையலில் மாட்டிக்கொண்டு நின்றது காரணமாகவில்லை. ஹாஜியார் தொடையில் ஒரு கால் பட்டது காரணமாகிவிட்டது. போகட்டும், எப்படியோ வந்தால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

பொன்னுத்துரை பெரியதை வாங்கிக்கொண்டு, "நான் அன்னிக்கே சின்னதைத்தானே சொன்னேன்" என்றான். லைசென்சில் மாற்றி எழுத வேண்டும் என்று போலீஸ் ஆபீசில் நாலைந்து தடவை அலையவிட்டார்கள். அலைந்தது உதுமான்தான். இந்த முறை அலைச்சல் அவனுக்குக் கசக்கவில்லை. அடுத்த மௌபின் பயணத்துக்கு முன்னால் கையில் கிடைத்துவிடும் என்று அஸ்மாவிடம் சொல்லிவைத்தான். அவளும் ரொம்ப நாளைக்குப் பிறகு, "அப்பாடா" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று அங்குலம் கடைக்கு வந்து சேர்ந்தது. மூன்று மணி லாஞ்சுக்கு உதுமான் கிளம்ப வேண்டும். கல் பொட்டலங்களை வாரில் அடுக்கிவிட்டு, ரிவால்வருக்கு என்று ஓரிடத்தைக் காலியாக விட்டு நின்றான்.

முதலாளி அதைக் கையிலெடுத்தார். திருப்பிப் பார்த்தார். தன் வாரில் செருகினார். எழுந்து நின்றார், நடந்தார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு தொழுகிற மாதிரி கிப்லா பக்கம் திரும்பி, குனிந்து ருகூவும் சுஜூதும் செய்து பார்த்தார். நெற்றி சிரமமில்லாமல் தரையில் பட்டது. எழுந்தபோது அவர் முகத்தில் உதுமான் என்றைக்கும் பார்க்காத மலர்ச்சி.

"இது இடுப்புல இருக்கதே தெரியலப்பா!"

"ஆமா முதலாளி."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வெளிய தெரியுதா? நல்லா பாத்துச் சொல்லு."

உதுமான் பார்த்தான். சத்தியமாகத் தெரியவில்லை.

"தெரியலை முதலாளி."

"இதை இத்தனை நாளா ஏன் சொல்லலை நீ?" என்றார் முதலாளி. "காலம் கெட்டுக் கிடக்கு. கடைக்குள்ளயே யார் யாரோ வர்றான். நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்கே கட்டிக்கிட்டுப் போறேன்."

"முதலாளி... நான் இன்னிக்கு லாஞ்சு..."

"உனக்கென்னப்பா. இத்தனை பயணம் போய்ட்டே, ஒண்ணும் நடக்கலையே. துப்பாக்கியும் கிப்பாக்கியுமா போனாத்தான் கல்லு இருக்குன்னு கண்ணு வைப்பான். சும்மா போ. நேரமாச்சு பாரு."

உதுமானுடைய வாய் திறந்தது. இதே வாயால்தானே வெளியே தெரியாது, குத்தாது, உட்காரலாம், தொழலாம் என்று மாதக்கணக்கில் எடுத்துச் சொன்னான்! சொன்ன ஒவ்வொன்றையும் முதலாளி கேட்டிருக்கிறார், தனக்காகக் கேட்டிருக்கிறார்.

"சரி முதலாளி."

துறைக்குப் போகிற வழியில் வீட்டுக்குள் நுழைந்தான். அஸ்மா ஓடி வந்தாள்.

"வந்துருச்சா மச்சான்? காட்டுங்க."

"வந்துருச்சு."

"எங்க?"

"முதலாளி இடுப்புல."

அவளுக்குப் புரியவில்லை. "அவுக எந்த லாஞ்சுல போறாக?"

"லாஞ்சுல எங்க போறாக? பள்ளிக்குப் போறாக. விருந்துக்குப் போறாக. அவுகளுக்கு நல்லாப் பொருந்திருச்சு" என்றான். சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கை வலித்ததுதான் மிச்சம்.

அஸ்மா அடுப்படிக்குள் போனாள். கறி வெட்டுகிற கத்தியைக் கழுவி, முந்தானையில் துடைத்து, பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் வாரில் காலியாக இருந்த இடத்தில் அவளே செருகினாள். சட்டையை மேலே இழுத்துவிட்டாள்.

"உக்காந்து பாருங்க" என்றாள்.

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். துறையில் லாஞ்சு ஊதிற்று.

"குத்துதா?"

"இல்லை" என்று சொல்லி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.